‘அக்கா, ஒரு பிரச்சினை’: காலேஜ் படிக்கும் தம்பி, தங்கையிடமிருந்து இந்த போன் வந்தால் என்ன செய்வது?

ராத்திரி பதினொன்றரை மணி. பெங்களூரிலோ புனேயிலோ வேலை முடிந்து அறைக்கு வந்திருக்கிறீர்கள். சாப்பிட்ட தட்டைக்கூட இன்னும் கழுவவில்லை. ஊரில் காலேஜ் படிக்கிற தம்பியிடமிருந்து போன். வழக்கமாக அவன் கூப்பிட மாட்டான். மீம் அனுப்புவான், இல்லையென்றால் ஜிபேயில் முந்நூறு ரூபாய் கேட்பான். இன்று குரல் கம்மியிருக்கிறது.

“அக்கா, ஒரு பிரச்சினை. அப்பாகிட்ட சொல்லிடாத.”

அடுத்து அவன் சொல்லப்போவது அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒரு படத்தையோ வீடியோவையோ வைத்து யாரோ மிரட்டுகிறார்கள். அல்லது, வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, வேறு மாநில போலீஸ் தேடுகிறதாம். அல்லது, அவன் குரூப்பில் போட்ட ஏதோ ஒன்று கை மாறிப் போய், இப்போது கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

காலேஜ் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ‘முன்பின் தெரியாதவங்களோட பேசாதே’ என்பதோடு முடிந்துவிடுகிறது. சிக்கிக்கொண்ட பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. மிரட்டுகிறவருக்கு அதுதான் வசதி. வீட்டில் சொல்லப் பயந்து அந்தப் பிள்ளை தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறும், படம் பரவும், சாட்சி அழியும். அப்பா அம்மாவிடம் சொல்லத் தயங்குகிற பிள்ளை, நாலைந்து வயது மூத்த உங்களிடம் சொல்லும். அதனால் இந்த விளக்கம் உங்களுக்கு.

முதலில் ஒன்று. “உனக்கு அறிவு இருக்கா?” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் இத்தனை நேரம் சொல்லாமல் இருந்தான். “சரி, சொன்னியே, அது போதும். பார்த்துக்கலாம்” என்று தொடங்குங்கள். திட்டுவதற்கு அடுத்த வாரம் நேரம் இருக்கிறது.

1. படத்தை வைத்து மிரட்டினால்

இது பொதுவாக இரண்டு விதமாக நடக்கும்.

முதல் வகை, முகம் தெரியாத கும்பல். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் பெயரில் ரிக்வெஸ்ட் வரும். இரண்டு நாள் பேச்சு, வாட்ஸ்அப் நம்பர், பிறகு வீடியோ கால். எதிர்முனையில் ஓடுவது ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோ. இந்த முனையில் பையனின் முகம் பதிவாகிறது. சில நிமிடங்களில் அந்தப் பதிவோடு, அவனுடைய ஃபாலோயர் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டும் வரும். “பத்தாயிரம் போடு. இல்லன்னா உங்க அக்காவுக்கும் போகும்.”

பணம் கொடுத்தால் முடிந்ததா? இல்லை. மறுநாள் ‘சிபிஐ அதிகாரி’ என்றோ ‘யூடியூப் அதிகாரி’ என்றோ இன்னொருவர் பேசுவார். வீடியோ ஏறிவிட்டது, நீக்கப் பணம் கட்டு என்பார். அவரும் அதே கும்பல்தான். ஒருமுறை கொடுத்தவர் மறுபடியும் கொடுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வகை, தெரிந்தவர். காதலித்தபோது அனுப்பிய படம், பிரிந்த பிறகு ஆயுதமாகிறது. “நம்பிக் கொடுத்தது என் தப்புதானே” என்று தங்கை சொல்லக்கூடும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மற்றவர்களுக்குக் காட்டவோ அனுப்பவோ சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை.

77-வது பிரிவு பெண்களுக்கானது. அப்படியென்றால் பையன்கள்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (அந்தரங்க மீறல், 3 ஆண்டு வரை), 67ஏ (பாலியல் காட்சிகளை மின்னணு வழியில் பரப்புவது, முதல் முறைக்கு 5 ஆண்டு வரை) ஆகியவை ஆண், பெண் பார்ப்பதில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது சன்ஹிதாவின் 308-வது பிரிவில் வருகிறது. 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. ‘பையன் போய் இதையெல்லாம் ஸ்டேஷனில் எப்படிச் சொல்வது’ என்ற தயக்கத்துக்குச் சட்டத்தில் எந்தக் காரணமும் இல்லை.

சரி, முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பணம் அனுப்பக் கூடாது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். சாட்டை அழிக்கக் கூடாது, அக்கவுண்டையும் அழிக்கக் கூடாது. பயத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான், ஆனால் அத்தோடு சாட்சியும் போய்விடும். மிரட்டல் செய்தி, அந்த அக்கவுண்டின் முழு லிங்க், போன் நம்பர், கேட்ட யூபிஐ ஐடி, தேதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். லிங்க் முக்கியம், ஏனென்றால் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள், அக்கவுண்டை பிரைவேட் ஆக்குங்கள்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான வேலை. நெருங்கிய நான்கைந்து பேரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது: “என் பேர்ல ஏதாவது வந்தா திறக்காதீங்க, ரிப்போர்ட் பண்ணிடுங்க.” மிரட்டலின் பலமே ‘எல்லோருக்கும் தெரிந்துவிடும்’ என்ற பயம்தான். நாமே சொல்லிவிட்டால் அதில் பாதி போய்விடும். இந்தச் செய்தியை உங்கள் தம்பிக்காக நீங்களே டைப் செய்து கொடுக்கலாம்.

படத்தை நீக்க முடியுமா?

பெருமளவு முடியும். வழிகள் இரண்டு.

ஒன்று, சட்டம். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவரின் அந்தரங்கப் படம் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. மார்ஃபிங் செய்த படமும் இதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர்தான் புகார் செய்ய வேண்டும் என்றில்லை. அவர் சார்பில் நீங்களும் செய்யலாம். ஒவ்வொரு நிறுவனமும் ‘குறைதீர்ப்பு அதிகாரி’ ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் அந்தந்தச் செயலியின் உதவிப் பக்கத்தில் இருக்கும். அவர் கண்டுகொள்ளவில்லை என்றால், மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டு, தொழில்நுட்பம். ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவச இணையதளம் 2021 டிசம்பரிலிருந்து இயங்குகிறது. உங்கள் போனில் இருக்கும் அந்தப் படத்தைக் கைரேகை போல ஓர் எண்வரிசையாக அது மாற்றும். படம் போனை விட்டு வெளியே போகாது; அந்த எண்வரிசை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்ற முயன்றால் அடையாளம் கண்டு தடுப்பார்கள். ஆக, படம் பரவுவதற்கு முன்பே, ‘போட்டுடுவேன்’ என்று மிரட்டும்போதே இதைச் செய்யலாம். இதில் சேர்ந்திருக்கும் தளங்களில் மட்டும்தான் பலன் உண்டு. வாட்ஸ்அப் தனிச் செய்திகளை இது தடுக்காது. 18 வயது ஆகாதவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற தனிச் சேவை இருக்கிறது.

வருஷங்கள் கழிந்தாலும் இந்த வழி மூடிவிடுவதில்லை. காலேஜ் நாட்களில் பழகியவர் எடுத்த வீடியோக்கள் பல தளங்களில் பரவிய ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், அவற்றை 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி 2025 ஜூலையில் மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

17 வயது என்ற சிக்கல்

காலேஜில் சேர்ந்துவிட்டால் ‘பெரியவங்க’ என்று நினைக்கிறோம். ஆனால் முதலாம் ஆண்டில் பலருக்கு இன்னும் 18 முடிந்திருக்காது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் குழந்தைகள். அவர்களுடைய அந்தரங்கப் படம் என்றால் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் வந்துவிடும்.

சென்னையைச் சேர்ந்த ஓர் இளைஞர் போனில் குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சிகளை வைத்திருந்த வழக்கை, ‘பார்த்தது மட்டும் குற்றமில்லை’ என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படிப்பட்ட காட்சிகளை அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோவின் 15-வது பிரிவில் குற்றமாகலாம் என்றது.

ஹாஸ்டல் குரூப்பில் இதற்கு என்ன அர்த்தம்? வகுப்புத் தோழி ஒருத்தியின் படம் குரூப்பில் வந்து விழுகிறது. “நான் போடலையே, சும்மா வந்துச்சு” என்று வைத்திருப்பதும் ஆபத்து. ‘ஆதாரத்துக்காக’ வார்டனுக்கோ உங்களுக்கோ அனுப்பினால், அதுவும் பரப்புவதுதான். யார் போட்டார், எப்போது, எந்த குரூப் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடனே புகார் செய்யச் சொல்லுங்கள். படத்தை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

2. ‘அக்கவுண்ட் மட்டும் கொடு, மச்சி’

இரண்டாவது போன் கால் இப்படி இருக்கும்: “அக்கா, ஏடிஎம்ல பணம் வரல. பேங்க்ல கேட்டா, குஜராத் போலீஸ் முடக்கியிருக்காங்கனு சொல்றாங்க. நான் குஜராத்துக்குப் போனதே இல்ல.”

கொஞ்சம் தோண்டினால் கதை வெளியே வரும். சீனியர் ஒருவர் கேட்டிருப்பார், அல்லது டெலிகிராமில் விளம்பரம் வந்திருக்கும். “புது அக்கவுண்ட் ஒண்ணு ஓபன் பண்ணு. ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு. அஞ்சாயிரம் தர்றேன். கேமிங் பிசினஸ், டாக்ஸ் பிரச்சினை, அவ்வளவுதான்.” வேலை எதுவும் செய்யாமல் ஐந்தாயிரம். செமஸ்டர் ஃபீஸ் கட்டத் திணறும் பையனுக்கு அது பெரிய தொகை.

அந்தக் கணக்கு எதற்குப் பயன்படுகிறது? எங்கோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பறித்த பணம், முதலில் இப்படிப்பட்ட கணக்குகளில்தான் விழும். அங்கிருந்து சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். இவற்றை ‘மியூல் அக்கவுண்ட்’ என்கிறார்கள். அடுத்தவர் சுமையைச் சுமக்கிற கோவேறு கழுதை. பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும், போலீஸ் முதலில் பார்ப்பது பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதை. அங்கே இருப்பது உங்கள் தம்பியின் ஆதார், பான், போட்டோ. மூளையாக இருந்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது.

தொகை சின்னதில்லை. 2024-இல் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இத்தனை பணமும் கை மாற வாடகைக் கணக்குகள் வேண்டும். ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் இவற்றைக் கண்டுபிடிக்கவே ‘மியூல்ஹன்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியிருக்கிறது. ஒரு மாணவரின் கணக்கில் திடீரென்று லட்சங்கள் வந்து போனால் வங்கியின் கண்ணில் படாமல் இருக்காது.

“எனக்கு எதுக்குன்னே தெரியாது” என்பது விசாரணையில் உதவலாம். ஆனால் மோசடி வழக்கில் (318-வது பிரிவு) பெயர் சேர்வதையும், அலைச்சலையும், அதற்குப் பிறகு வரும் வேலைவாய்ப்புப் பின்னணிச் சரிபார்ப்பையும் அது தடுக்காது. பின்னணிச் சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டானா? அப்படியென்றால் இன்றே வங்கிக்குப் போய் கார்டு, நெட் பேங்கிங், யூபிஐ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்க வேண்டும். கணக்கைக் கேட்டவருடன் பேசிய சாட் அனைத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். கணக்கில் இருக்கும் தெரியாத பணத்தைத் தொடக் கூடாது. ‘தவறுதலாக அனுப்பிவிட்டோம், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க’ என்று யாராவது கேட்டால், நேராக அனுப்பாமல் வங்கியிடம் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, போலீஸ் தேடி வருவதற்கு முன் தானாகவே போய்ச் சொல்வது நல்லது. வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ‘பார்ட் டைம் டாஸ்க்’. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய். முதல் இரண்டு நாள் உண்மையிலேயே பணம் வரும். மூன்றாம் நாள் ‘ப்ரீமியம் டாஸ்க்’, அதற்கு முன்பணம் 2,000, பிறகு 10,000. ஸ்க்ரீனில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கத்தான் முடியாது. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. இந்த ஒரு வரி போதும்.

வாட்ஸ்அப்பில் போலீஸ் நோட்டீஸ் வந்தால்?

உண்மையான விசாரணையையும் போலியையும் பிரித்தறிய இரண்டு விஷயங்கள் தெரிந்தால் நல்லது. ஒன்று, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. இரண்டு, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. அதனால் பதறிப் பணம் கட்டாதீர்கள். அதே நேரம் அலட்சியமும் வேண்டாம்: பக்கத்து ஸ்டேஷனிலோ வங்கியிலோ விசாரித்து, அந்த வழக்கு எண் உண்மைதானா என்று பாருங்கள்.

3. ‘நான் எழுதல, ஃபார்வர்டுதான் பண்ணேன்’

மூன்றாவது போன் கால். இதில் உங்கள் தம்பி பாதிக்கப்பட்டவன் இல்லை, பாதிப்பை ஏற்படுத்தியவன்.

நடிகரும் முன்னாள் எம்எல்ஏவுமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொல்லிப் பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது: ஒரு செய்தியைப் பகிர்கிறவர் அதன் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. வசதியும் செல்வாக்கும் உள்ளவருக்கே ‘ஃபார்வர்டு ஆஸ் ரிசீவ்டு’ கேடயமாகவில்லை.

சட்டத்தை விடுங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் காரை நிறுத்தியது. அதிலிருந்த மூதாட்டி அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ‘பிள்ளை பிடிக்கும் கும்பல்’ என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்தப் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. அந்த வதந்தியை அனுப்பிய ஒவ்வொருவரும் ‘நாலு பேர் ஜாக்கிரதையா இருக்கட்டுமே’ என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

டீப்ஃபேக் விஷயத்திலும் இதே கதைதான். நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் பொருத்திய டீப்ஃபேக் 2023 நவம்பரில் பரவியது. 2024 ஜனவரியில் டெல்லி போலீஸ் ஆந்திராவில் கைது செய்தது ஓர் இன்ஜினீயரிங் பட்டதாரி இளைஞரை. தான் நடத்திய ரசிகர் பக்கத்துக்கு ஃபாலோயர் சேர்க்கவே இதைச் செய்ததாகப் போலீஸ் சொன்னது. வகுப்புத் தோழியின் படத்தை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு ‘ஜாலிக்கு’ மாற்றுகிற பையனுக்கும் இதே சட்டம்தான்.

அப்போ எதையுமே பேசக் கூடாதா?

பேசலாம். பேச வேண்டும். 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியபோது, அதைக் கேள்வி கேட்டு பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். இருவரையும் போலீஸ் கைது செய்தது. அதைப் பார்த்துக் கொதித்து உச்ச நீதிமன்றம் போனவர் ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி. 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீதிமன்றம் முழுவதுமாக ரத்து செய்தது. மற்றவருக்கு எரிச்சலூட்டுகிறது என்பதற்காக ஒரு கருத்து குற்றமாகிவிடாது.

அரசை விமர்சிப்பது, கல்லூரி நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது, தலைவரைக் கேலி செய்வது ஒரு பக்கம். தனிமனிதரின் அந்தரங்கம், பெண்களை இழிவுபடுத்துவது, ஒரு சமூகத்துக்கு எதிராகத் தூண்டுவது, பொய்ச் செய்தி இன்னொரு பக்கம். அனுப்பும் முன் தம்பி கேட்டுக்கொள்ள வேண்டியது: இது யாரைப் பற்றியது? அவர் முன்னால் நின்று, என் பெயரைச் சொல்லி, இதை நான் படித்துக் காட்டுவேனா?

குரூப் அட்மினாக இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். வேறொருவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருந்த ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. ஜூனியர்களைச் சேர்த்து குரூப் தொடங்கும் சீனியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: அப்படிப்பட்ட வாட்ஸ்அப் குரூப்பில் மிரட்டுவதும் அவமானப்படுத்துவதும் ராகிங்தான் என்று யூஜிசி 2025-இல் கல்லூரிகளுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தன் பெயர் சொல்லாமலே 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

போன் வருவதற்கு முன்பே: ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தம்பி, தங்கையோடு உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். உங்கள் போனிலும் சேர்த்தே செய்யுங்கள். பாடம் எடுப்பது போல இருக்காது.

• வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஜிமெயில் மூன்றிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.
• வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பாருங்கள். பழைய லேப்டாப், ஹாஸ்டல் ரூம்மேட்டின் கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள்.
• இன்ஸ்டாகிராம் பிரைவேட் ஆகட்டும். ஃபாலோயரில் தெரியாதவர்களைக் களையெடுங்கள்.
• நண்பரின் அக்கவுண்டிலிருந்தே ‘உனக்கு ஒரு கோட் வரும், அனுப்பு’ என்று வந்தாலும் அனுப்பக் கூடாது. நண்பருக்கு போன் போட்டுக் கேளுங்கள். அக்கவுண்ட் அவர் கையில் இல்லாமல் இருக்கலாம்.
• மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில், உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.
• ஐடி கார்டு, ஹால் டிக்கெட், ஹாஸ்டல் அறை எண் தெரியும் படங்களை ஸ்டோரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எங்கே புகார் செய்வது?

• 1930: பணம் போயிருந்தால் முதல் அழைப்பு இதற்கு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்திவைக்க முயல்வார்கள். அதனால் காலை வரை காத்திருக்காதீர்கள்.
• சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்: தேசிய சைபர் குற்றப் புகார் தளம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களை இங்கே பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.
• போலீஸ் ஸ்டேஷன்: எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ‘இது எங்க எல்லை இல்ல’ என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு இதைச் சொல்கிறது. தம்பி கோவையில் படித்து, உங்கள் வீடு தென்காசியில் இருந்தாலும் எங்கே வசதியோ அங்கே போகலாம்.
• 181 பெண்களுக்கும், 1098 பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் உதவி எண்கள்.
• 14416: ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக உள்ள எண்ணைச் சேமித்து வைக்கவும். இப்படிச் சிக்கிய பிள்ளை “இனி வெளியே தலை காட்ட முடியாது” என்ற மாதிரி பேசினால், புகாரும் ஸ்க்ரீன்ஷாட்டும் பிறகு. முதலில் அவனைத் தனியாக விடாதீர்கள். நீங்கள் தூரத்தில் இருந்தால், ரூம்மேட்டையோ பக்கத்திலிருக்கும் உறவினரையோ உடனே அவன் அறைக்கு அனுப்புங்கள். அவர் வரும்வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டிருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, லிங்க்கை ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். ஃபேமிலி குரூப்பில் வருவதைத் தம்பி படிப்பதில்லை என்று உங்களுக்கும் தெரியும். இன்றைக்கு அவனுக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். சாப்பாடு, செமஸ்டர், கிரிக்கெட் எல்லாம் பேசிவிட்டு, வைப்பதற்கு முன் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள்: “டேய், எப்பவாவது ஏதாவது சிக்கல்ல மாட்டிக்கிட்டா, எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் சரி, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, முதல்ல எனக்குக் கூப்பிடு. நான் திட்ட மாட்டேன்.”